லா பாஸ்: ஒரு நடத்துநரின் திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் தென் அமெரிக்க நகரங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ரியோ, பொகோட்டா, லிமா, லா பாஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி, போதைக் கடத்தல், துப்பாக்கி, கால்பந்து என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். மற்ற ஊர்களை நான் பார்த்ததில்லை. லா பாஸைப் போன வருடம் பார்த்தேன். மகள் சிலி நாட்டின் சாந்தியாகோவில் மென்பொருள் வேலையில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போன இடத்தில், அவள்தான் எங்கள் இருவரையும் பொலிவியாவுக்குக் கூட்டிப் போனாள். நான் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஊருக்குப் போனாலும், அங்கே ஜனங்கள் காலையில் எப்படி வேலைக்குப் போகிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

புறப்படும் முன் சொந்தக்காரர்கள் சொன்னதும் உங்கள் கட்டுரை சொன்னதும் ஒன்றுதான். தாலியைத் தவிர மனைவியின் நகையெல்லாம் பீரோவுக்குள் போனது. போய் இறங்கியதும் எங்களைத் தாக்கியது திருடன் அல்ல, மெலிந்த காற்று. விமான நிலையம் இருக்கிற எல் ஆல்ட்டோ கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கு மேல். நம் ஊட்டி 2,240 மீட்டர்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பத்துப் படி ஏறினால் மலையில் பிறந்தவனுக்கே மூச்சு வாங்குகிறது. தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் காபி கடைசி வரை என் மனைவிக்குச் சூடு பற்றவே இல்லை.

விடுதியில் முதலில் நீட்டியது கோகா இலை போட்ட வெந்நீர். கட்டுரையாளர் இதைத்தான் போதை என்றாரோ என்னவோ. இலை வேறு, அதிலிருந்து ரசாயனம் போட்டு எடுக்கிற கொக்கைன் வேறு. அந்த இலையை மெல்லுவது ஆண்டிஸ் மலைக்காரர்களின் பழைய வழக்கம். 2009-இல் வந்த அரசியல் சட்டத்திலேயே அதைத் தங்கள் பண்பாட்டுச் சொத்தாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஐ.நா. ஒப்பந்தம் இலை மெல்லுவதைத் தடுக்கிறது என்று அதிலிருந்து விலகி, மெல்லும் உரிமையை விலக்காகக் கேட்டு வாங்கிக்கொண்டு 2013-இல் திரும்பச் சேர்ந்த நாடு அது. எங்களுக்குத் தலைவலி குறைந்தது, அவ்வளவுதான். நாட்டை விட்டுக் கிளம்பும்போது மிச்ச இலைகளைக் குப்பையில் போட்டுவிட்டோம். எல்லை தாண்டினால் வம்பு.

இனி நான் சொல்ல வந்த விஷயம். லா பாஸ் ஒரு கிண்ணம் மாதிரி. விளிம்பில் எல் ஆல்ட்டோ, சரிவெங்கும் செங்கல் வீடுகள், அடியில் பங்களாக்கள். நம் மலைகளில் நல்ல காட்சி தெரிகிற உச்சியைப் பணக்காரர் வாங்கிவிடுவார். அங்கே தலைகீழ். கீழே போகப் போகக் குளிர் குறையும், காற்றும் கூடும். அதனால் வசதியானவர்கள் பள்ளத்தில், ஏழைகள் உச்சியில். 1985-இல் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை விழுந்து அரசுச் சுரங்கங்கள் மூடப்பட்டபோது வேலை போன தொழிலாளர்களும், கிராமத்திலிருந்து வந்த ஆய்மாரா என்ற மலைப் பழங்குடி மக்களும் குடியேறி வளர்த்த ஊர் எல் ஆல்ட்டோ. இன்று மக்கள் தொகையில் லா பாஸையே மிஞ்சிவிட்டது. மேலே இருப்பவர்களுக்கு வேலை கீழே. நடுவில் சுமார் 400 மீட்டர் இறக்கம், கொண்டை ஊசி வளைவுகள், நெரிசல்.

இதற்கு அவர்கள் போட்டதுதான் ரோப் கார். நமக்கு ரோப் கார் என்றால் பழனி. அங்கே அது டவுன் பஸ். 2014-இல் நாட்டுக் கொடியின் நிறங்களான சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று தடங்கள் ஓடத் தொடங்கின. 2019-இல் பத்துத் தடம், சுமார் 30 கிலோமீட்டர். கட்டியது ஆஸ்திரியக் கம்பெனி, நடத்துவது அரசு நிறுவனம். ஒரு பெட்டிக்குப் பத்துப் பேர், 12 வினாடிக்கு ஒரு பெட்டி. பஸ் எப்போது வரும் என்று சாலையை எட்டிப் பார்க்கும் பயணியே கிடையாது. என் பணிக்காலம் முழுக்க அப்படிப்பட்ட ஒரு நிறுத்தத்தை நான் பார்த்ததில்லை. படியில் தொங்குகிறவர் இல்லை, 'உள்ளே போங்க, உள்ளே போங்க' என்ற கத்தல் இல்லை. சிவப்புத் தடத்தில் பழைய ரயில் நிலையத்திலிருந்து எல் ஆல்ட்டோ சந்தைக்கு 2.4 கிலோமீட்டர், பத்து நிமிடம். பொதுக் கல்லறைக்கு நேர் மேலே போகும்போது மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

நாங்கள் போனபோது கட்டணம் 3 பொலிவியானோ. அரசு விகிதத்தில் நம் காசுக்கு 35 ரூபாய்க்குச் சற்று மேல். தடம் மாறினால் இன்னொரு 2. சும்மா சொல்லக்கூடாது, அந்த ஊர்க் கூலிக்காரருக்கு அது குறைந்த காசில்லை.

ஒரு நாள் காலை எங்கள் பெட்டியில் ஏறியவர்கள்: கோட்டு போட்ட ஒரு குமாஸ்தா, இரண்டு பள்ளிப் பிள்ளைகள், மடிப்புப் பாவாடையும் வட்டத் தொப்பியுமாக மூட்டையோடு ஒரு பெண்மணி. அப்படி உடுத்தும் ஆய்மாராப் பெண்களைச் சோலிட்டா என்கிறார்கள். சில தலைமுறைக்கு முன்பு வரை அந்த உடையில் நகரத்தின் முக்கியச் சதுக்கத்தில் நடக்க விடமாட்டார்களாம். இப்போது நிலையங்களின் பெயர்ப் பலகையில் ஸ்பானிஷோடு ஆய்மாராவும் இருக்கிறது. அந்த அம்மாள் ஏறியதும் எல்லோருக்கும் பொதுவாகக் காலை வணக்கம் சொன்னார், எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். பெட்டிக்குப் பெட்டி இதே வழக்கம்தான்.

ரோப் கார் வந்ததால் சாலை காலியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இன்னமும் பெரும்பாலானோர் மினிபஸ்ஸில்தான் போகிறார்கள். அதில் என் இனத்தார் இருக்கிறார்கள்: ஜன்னலில் தலையை நீட்டி ஊர் பெயரை ராகம் போட்டுக் கூவுகிறவர்கள். எல் ஆல்ட்டோவின் முகப்பான செஹாவுக்குப் போகிற வண்டியில் ஒரு பெண் 'செஹா, செஹா, செஹா' என்று விடாமல் கூவினாள். நடைபாதையில் நின்று ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். மகள்தான் கையைப் பிடித்து இழுத்தாள். சாலை கடக்கும் இடங்களில் வரிக்குதிரை வேடம் போட்ட இளைஞர்கள் ஆடிப் பாடி வண்டிகளை நிறுத்துகிறார்கள். இது 2001-லிருந்து நகராட்சியே நடத்தும் ஏற்பாடு. எங்கள் மலைப்பாதை ஓட்டுநர்கள் அதற்கு மசிவார்களா என்பது சந்தேகம்.

சந்தையில் ஒரு பாட்டி கருகருவென்று கூழாங்கல் போன்ற எதையோ குவித்து வைத்திருந்தார். உருளைக்கிழங்கு! சூன்யோ என்கிறார்கள். அறுவடையான கிழங்கை உறைபனி இரவில் வெளியே பரப்பி, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, மறுபடி உறையவிட்டுக் காயவைப்பார்கள். வருடக்கணக்கில் கெடாது. உருளைக்கிழங்கு உலகத்துக்கே போனது ஆண்டிஸ் மலைகளிலிருந்துதான். அதை வைத்துப் பிழைக்கும் நீலகிரியிலிருந்து போன எனக்கு அந்தப் பாட்டியைக் கும்பிடத் தோன்றியது. ருசி? மண் வாசனையோடு சவசவ என்று இருந்தது. மனைவி ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை.

குறைகளும் கண்ணில் பட்டன. நாட்டில் டாலர் தட்டுப்பாடு, டீசலுக்கு லாரிகள் வரிசை கட்டி நின்றன. 2016 நவம்பரில் அணைகள் வற்றி, பள்ளத்துப் பங்களாக்காரர்களே குடிநீருக்கு லாரியை எதிர்பார்த்து நின்றிருக்கிறார்கள். பக்கத்துச் சக்கால்தாயா மலையின் பனிப்பாறை 2009-லேயே முழுக்கக் கரைந்துபோனது. வழியில் கைகாட்டி டாக்ஸி ஏறக்கூடாது, போலி டாக்ஸியில் கடத்திப் பணம் பிடுங்குவார்கள் என்று விடுதிக்காரர் எச்சரித்தார், நாங்களும் ஏறவில்லை. எச்சரிக்கை வேண்டும் என்பது சரி. ஆனால் ஊரைப் பற்றி எழுத வேறு எதுவுமே இல்லாதது போல எழுதுவது நியாயமா?

கடைசியாக ஒரு திருத்தம். பொலிவியாவின் தலைநகர் லா பாஸ் என்று கட்டுரையில் போட்டிருந்தீர்கள். அரசியல் சட்டப்படி தலைநகர் சூக்ரே. அதிபரும் நாடாளுமன்றமும் இருப்பது லா பாஸில். 1899-இல் முடிந்த உள்நாட்டுச் சண்டைக்குப் பிறகு அங்கே வந்தவை. உச்ச நீதிமன்றம் இன்றும் சூக்ரேயில்தான். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் உங்கள் ஞாயிறு இணைப்பை வெட்டி ஒட்டி வைக்கிறார்கள். வரும் ஞாயிறே திருத்தம் போட்டுவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவர்,
குன்னூர்.