மேரிக்கு, தாம்பரத்திலிருந்து

தாம்பரம்,
4.12.2025

அன்புள்ள மேரி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. இங்கே ஒரே மழை, கரண்ட் வருவதும் போவதுமாக இருந்ததால் உட்கார்ந்து எழுத முடியவில்லை. நேற்று கார்த்திகை தீபம். வாசலில் வைத்த அகல் எதுவும் நிற்கவில்லை, பொரி உருண்டை மட்டும் ஒழுங்காக வந்தது. முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

உன் மருமகளுக்கு வேலை போன செய்திதான் மனசை என்னவோ செய்துவிட்டது. ஜனவரியில் அமெரிக்கா பணத்தை நிறுத்தியதும் அவள் வேலை பார்த்த எச்.ஐ.வி. கிளினிக்கைப் பூட்டினார்கள், மாத்திரை வாங்க வந்தவர்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்று எழுதியிருந்தாயே, அதை இரண்டு தடவை படித்தேன்.

நீ ஜாம்பியாவுக்கு, லூசாகா போன பிறகு நான் இங்கே தாம்பரம் டி.பி. சானடோரியத்துக்கு மாற்றலாகி வந்த காலம் உனக்குத் தெரியாது. எய்ட்ஸ் நோயாளிகள் ஆந்திராவிலிருந்தெல்லாம் ரயிலேறி வருவார்கள். கூட வந்தவர் "டீ குடிச்சிட்டு வரேன் சிஸ்டர்" என்று போவார், திரும்பி வரமாட்டார். டி.பி. மாத்திரை, கிருமித் தொற்றுக்குச் செப்ட்ரான், வாய் முழுக்கப் படரும் வெள்ளைக்கு மருந்து, டிரிப்ஸ், இவ்வளவுதான் எங்கள் கையில். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து 1996லேயே உலகத்துக்கு வந்துவிட்டது. ஆனால் ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் ஆகும். மருந்து ஒரு பக்கம், நோயாளிகள் இன்னொரு பக்கம் என்று எட்டு வருஷம் ஓடியது. அந்த எட்டு வருஷத்துக்கு யாரும் இன்னும் கணக்குச் சொல்லவில்லை என்பது என் கோபம்.

2001ல் நம்ம மும்பை மருந்துக் கம்பெனி சிப்லாவின் யூசுஃப் ஹமீது மூன்று மருந்து சேர்ந்த கூட்டு மருந்தை வருஷம் 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். அதே வருஷம் ஐ.நா. பொதுச்சபை எய்ட்ஸுக்கென்று தனிக்கூட்டம் போட்டது. உயிர் காக்கும் மருந்து என்றால் காப்புரிமையைத் தாண்ட நாடுகளுக்கு உரிமை உண்டு என்று உலக வர்த்தக அமைப்பின் தோஹா கூட்டத்தில் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த வருஷம் எய்ட்ஸ், டி.பி., மலேரியாவுக்காக நாடுகள் சேர்ந்து பணம் போடும் குளோபல் ஃபண்ட், அதற்கடுத்து அமெரிக்க ஜனாதிபதி புஷ் அறிவித்த பெப்ஃபார் என்ற எய்ட்ஸ் உதவித் திட்டம். புஷ்ஷை எனக்குப் பிடிக்காது, அந்த ஈராக் போருக்காகவே. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் போட்ட பணத்தால் ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கான பேர் இன்று உயிரோடிருக்கிறார்கள். அதை மறுத்தால் எனக்குச் சோறு இறங்காது.

எங்களுக்கு இலவச மருந்து வந்தது 2004 ஏப்ரல் 1. தேதியைப் பார்த்து வார்டில் சிரித்தோம். ஆனால் மாதங்கள் போகப்போக, ஸ்ட்ரெச்சரில் வந்தவர்கள் நடந்து வந்து எடை மெஷினில் ஏறினார்கள். அப்போது கொடுத்த ஸ்டாவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்தால் கன்னம் ஒட்டிப்போகும், "உள்ளங்கால் எரியுது சிஸ்டர்" என்பார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு உள்ளூர சந்தோஷமாகத்தான் இருக்கும். கால் எரிகிறது என்று குறை சொல்ல ஆள் இருக்கிறாரே!

எய்ட்ஸ் விஷயத்தில் நல்ல தலைமை எங்கே இருந்தது என்று நீ கேட்டிருந்தாய். உங்கள் கென்னத் கவுண்டாவைவிடவா? தன் மகன் எய்ட்ஸில்தான் இறந்தான் என்று 1987லேயே ஊரறியச் சொன்ன ஜனாதிபதி அவர். பக்கத்திலேயே தென்னாப்பிரிக்காவில் ஜனாதிபதி ம்பெக்கி வைரஸையே சந்தேகப்பட்டு மருந்தைத் தள்ளிப்போட்டதில் மூன்று லட்சத்துக்கும் மேல் பேர் போனார்கள் என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நம்ம சென்னையில் 1986ல் டாக்டர் சுனிதி சாலமன் சொல்ல, மாணவி நிர்மலா ரத்த மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, ராத்திரி ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரிந்தது. 'நம்ம ஊரில் அதெல்லாம் வராது' என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்தில் வந்த புள்ளிராஜாவை நீ பார்த்திருக்க மாட்டாய். 2003ல் சுவருக்குச் சுவர், பஸ்ஸுக்குப் பஸ் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' தான். டீக்கடையில் அதுதான் பேச்சு, கேலியும் கிண்டலும். காண்டம் என்ற வார்த்தையை வாயில் வைக்காத ஊர் அது. அந்தப் போஸ்டரை ஒட்டியது அடையாறு வி.எச்.எஸ். ஆஸ்பத்திரி நடத்திய திட்டம், பணம் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டுடையது. அந்த யு.எஸ்.எய்டே இந்த ஜூலையோடு மூடப்பட்டுவிட்டது.

இரவல் சேலையை நம்பி இடுப்புச் சேலையை எறிந்த கதை என்று என் மகன் சொல்கிறான். எனக்கு ஒப்புதலில்லை. கொடுத்தவன் நடுத்தெருவில் உருவிக்கொண்டு போனதையும் சேர்த்துத்தானே பேசவேண்டும்? ஆனால் அவன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. நாமும் 1992ல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தை உலக வங்கிக் கடனில்தான் ஆரம்பித்தோம். அதன் ஐந்தாம் கட்டத்துக்கு, 2021லிருந்து 2026 மார்ச் வரைக்கும், மத்திய அரசு ஒதுக்கியது 15,471 கோடி ரூபாய். வெளிப் பணம் கொஞ்சம் இன்னும் வருகிறது, ஆனால் அது நின்றால் தாம்பரத்தில் மருந்து நிற்காது. உங்கள் ஊரிலோ, நன்கொடை மருந்தைக் கடைகளில் திருட்டுத்தனமாக விற்றார்கள் என்று சொல்லி அமெரிக்கத் தூதர் 5 கோடி டாலரை வெட்டினாரே! திருடியவனுக்குத் தண்டனை கொடுக்கட்டும், மாத்திரைக்குக் காத்திருப்பவன் என்ன பாவம் செய்தான்?

லெனகாபவிர் போன மாதம் ஜாம்பியாவுக்கு வந்து இறங்கியது என்று படித்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் போட்டால் தொற்றே வராமல் காக்கும் ஊசி. அமெரிக்காவில் வருஷத்துக்கு 28,000 டாலர். 2027லிருந்து நம்ம ஹைதராபாத் கம்பெனிகள் 40 டாலருக்குத் தரப்போகின்றன. மறுபடியும் நம்ம ஊர்தான் விலையை உடைக்கிறது, பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நர்ஸாக எனக்குத் தோன்றுவது வேறு. முதலில் டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் என்று உறுதிசெய்ய வேண்டும். அடுத்த ஊசிக்கு வராதவர்களைத் தேடிப்போக வேண்டும். புருஷனுக்குத் தெரியாமல் வருகிற பெண்ணிடம் உட்கார்ந்து பேச வேண்டும். ஊசியை அனுப்பிவிட்டு, அதைப் போடுகிற உன் மருமகளை வீட்டுக்கு அனுப்புவது என்ன ஒத்துழைப்பு? ஜோகன்னஸ்பர்க்கில் போன மாதம் குளோபல் ஃபண்ட் கேட்டது 1,800 கோடி டாலர், நாடுகள் சொன்னது 1,134 கோடி. இந்தத் துண்டு எங்கே விழும்? மருந்து விலையில் விழாது, ஆட்கள் சம்பளத்தில்தான் விழும். நம்மூரில் எச்.ஐ.வி. டெஸ்ட்டும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையங்களிலும் கவுன்சிலர்களும் லேப் டெக்னீஷியன்களும் வருஷக்கணக்கில் ஒப்பந்தத்தில்தான் ஓடுகிறார்கள். நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அவர்களுக்கும் அலுத்துவிட்டது.

மருமகளிடம் கேட்டு இரண்டு விஷயம் எழுது. இப்போது நோயாளிகளுக்கு எத்தனை மாத மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள்? பூட்டிய கிளினிக்கின் கார்டுகள் எல்லாம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தனவா? கார்டு தொலைந்தால் பழைய மருந்து எதுவென்று தெரியாமல் திண்டாடுவார்கள், அதை முதலில் பார்க்கச் சொல். அவளுடைய பயோடேட்டாவையும் அனுப்பு. என்னோடு வேலை பார்த்த ஒருத்தியின் மகன் நைரோபியில் இருக்கிறான், கேட்டுப் பார்க்கிறேன்.

பேரனுக்கு முத்தம்.

அன்புடன்,
விஜயா