மைனர் த்ரெட்டுக்குக் கைகொடுத்த எல்லாருக்கும் நன்றி

வணக்கம்.

வாஷிங்டன் டி.சி.யில் மைனர் த்ரெட் என்ற ஹார்ட்கோர் பங்க் (படு வேகமான, உரத்த ராக் இசை) பேண்ட் இருந்தது மூன்று வருடத்துக்கும் குறைவு, 1980 கடைசியிலிருந்து 1983 செப்டம்பர் வரை. 1989-இல் எல்லாப் பாட்டையும் சேர்த்துப் போட்டபோது 26 பாட்டுதான் தேறியது, ஒரு மணி நேரத்துக்குள் முழுசாகக் கேட்டுவிடலாம். அதில் வாசித்த இயன் மெக்கே (பாடகர்), ஜெஃப் நெல்சன், லைல் ப்ரெஸ்லர், ப்ரையன் பேக்கர் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இந்த மடல் அவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு.

முதல் நன்றி அதே ஊரின் இன்னொரு பங்க் பேண்டான பேட் ப்ரெய்ன்ஸுக்கு. அவ்வளவு வேகமாகவும் அவ்வளவு சுத்தமாகவும் வாசிக்க முடியும் என்று அந்த ஊர்ப் பையன்களுக்குக் காட்டியது நீங்கள்தான். 1981 கடைசியில் லைல் கல்லூரிக்குப் போனதில் பேண்ட் நின்றே போயிற்று. திரும்பச் சேருங்கடா என்று விடாமல் சொன்ன உங்கள் பாடகர் எச்.ஆருக்குத் தனியாக ஒரு கும்பிடு. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் 1983-இல் வந்த 'அவுட் ஆஃப் ஸ்டெப்' ரெக்கார்டு நமக்குக் கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம்.

ராக்வில்லில் ரெக்கார்டு கடை வைத்திருந்த ஸ்கிப் கிராஃப், நீங்கள் 2019-இல் போய்விட்டீர்கள். ரெக்கார்டு எப்படிப் போடுவது என்று ஒன்றும் தெரியாமல் வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து வழி சொல்லி, ஆர்லிங்டனில் இருந்த டான் ஸியன்டாராவிடம் அனுப்பினீர்கள். டான் சார் தன் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த ஸ்டூடியோதான் இன்னர் இயர். ஊரே இரைச்சல் என்று சொன்ன இசையை அவர் பொறுமையாக உட்கார்ந்து பதிந்தார். ஒவ்வொரு வார்த்தையும் இன்றைக்கும் தெளிவாகக் கேட்கிறது என்றால் அது அவர் காது.

அப்புறம், இயனும் ஜெஃப்பும் நடத்திய டிஸ்கார்டு என்ற ரெக்கார்டு கம்பெனியின் வீட்டில் உட்கார்ந்து உறை ஒட்டியவர்கள். இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. ஏழு அங்குல ரெக்கார்டுக்கு உறை எப்படிச் செய்வது என்று தெரியாததால், கையில் இருந்த ஓர் உறையை ஒட்டுப் பிரித்து விரித்து, அதன் மேல் கோடு வரைந்து அளவு எடுத்தார்கள். அச்சான தாளைக் கத்தரித்து, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள், ஒன்றிரண்டு இல்லை, ஆயிரக்கணக்கில். நண்பர்கள், தெரிந்தவர்கள், வந்துபோனவர்கள் என்று எத்தனையோ கைகள் பட்ட உறைகள் அவை, உங்களில் பலரின் பெயர் எங்கும் அச்சாகவில்லை. மைனர் த்ரெட்டின் முதல் ரெக்கார்டு உறையில், படிக்கட்டில் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருக்கும் மொட்டைத்தலைப் பையனின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் உங்களைத்தான் நினைக்கிறேன். 'அவுட் ஆஃப் ஸ்டெப்' உறைக்குக் கூட்டத்தை விட்டு விலகி ஓடும் கறுப்பு ஆட்டை வரைந்த சிந்தியா கானலிக்கும் இங்கேயே நன்றி.

லண்டனில் சதர்ன் ஸ்டூடியோ நடத்திய ஜான் லோடரை மறக்க முடியாது. கடைகளுக்குச் சரக்கு போய்விடும், விநியோகஸ்தர்களிடமிருந்து பணம் மட்டும் வந்து சேராது. அடுத்த ரெக்கார்டு அச்சடிக்கக் காசில்லாமல் டிஸ்கார்டு தவித்தபோது, அச்சடிக்கும் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்தவர் அவர்.

குடிக்கச் சட்டப்படி வயசு ஆகாத பிள்ளைகளின் புறங்கையில், மது கொடுக்கக்கூடாது என்பதற்கு அடையாளமாகப் பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்ட கிளப்காரர்களுக்கும் நன்றி. குடிக்க மாட்டோம், பாட்டு கேட்க மட்டும் விடுங்கள் என்று கேட்டவர்களை நம்பினீர்கள். மைனர் த்ரெட்டின் 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' ஒரு நிமிடம்கூட ஓடாத பாட்டு. குடி, போதை வேண்டாம் என்பதை இயன் தன் சொந்த விஷயமாகத்தான் பாடினான், உலகம் முழுக்க அது ஓர் இயக்கமாகிவிட்டது. அந்தப் பெயரில் சிலர் அடுத்தவர்மேல் கைவைத்தது எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் எல்லாரும் குடிக்கும் இடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சங்கடமில்லாமல் உட்கார்ந்திருக்க எனக்குத் தைரியம் கொடுத்தது அந்தப் பாட்டுதான்.

1983 செப்டம்பர் 23, லான்ஸ்பர்க் என்ற பழைய கடைக் கட்டடத்தில் கடைசிக் கச்சேரி. அன்று அதே மேடையில் வாசித்த ட்ரபிள் ஃபங்க் அந்த ஊரின் சொந்த இசையான கோ-கோ வாசிப்பவர்கள். பங்க் கூட்டமும் கோ-கோ கூட்டமும் ஒரே அரங்கில் நிற்கட்டும் என்று சம்மதித்ததற்காக, ட்ரபிள் ஃபங்க், உங்களுக்கும் நன்றி.

டி.சி. பொது நூலகத்தில் பங்க் ஆவணக் காப்பகம் தொடங்கிப் பழைய நோட்டீஸையும் கேசட்டையும் பத்திரப்படுத்தி வரும் நூலகர்களே, உங்கள் வேலையால்தான் இத்தனை பேருக்கு நன்றி சொல்ல முடிகிறது. தொடர்ந்து செய்யுங்கள்.

அன்புடன்,
ஒரு ரசிகன்