வேதாகமப் பக்கங்களில் வண்ணம் தீட்டுவோர் கவனத்திற்கு

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

வேதாகமத்தின் தாள் சாதாரண எழுதுதாளின் பாதி எடைகூட இல்லாத அளவுக்கு மெல்லியதாக இருப்பதால், நீர்வண்ணத்தை அதன்மேல் நேரடியாகப் பூசினால் தாள் சுருங்குவதுடன் நிறம் மறுபக்கத்து வசனங்களுக்கும் ஊறிவிடும். ஆகவே முதலில் ஜெஸ்ஸோ எனப்படும், வண்ணத்திற்கு முன் பூசும் அடிப்பூச்சில் நிறமற்ற வகையைத் தட்டைத் தூரிகையாலோ பழைய பிளாஸ்டிக் அட்டையாலோ மெல்லிய பூச்சாகப் பரப்பி, முழுதும் உலரவிட்ட பின்னரே வண்ணத்தைத் தொடுங்கள். வெள்ளை ஜெஸ்ஸோ எழுத்தை மறைத்துவிடும் என்பதால் அதை வாங்க வேண்டாம். வசனம் தெளிவாக வாசிக்கத் தெரிவதுதான் எல்லாவற்றிலும் முதன்மையானது.

தூரிகையில் நீர் குறைவாகவே இருக்கட்டும். சங்கீதம் 23-இன் புல்வெளியைத் தீட்டுவோர் வெளிர்பச்சையில் தொடங்கி, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பின் அடர்நிறத்திற்குச் செல்வது நல்லது.

யாங்கோனில் மழைக்காலத்தின் ஈரப்பதத்தில் பூச்சு உலர நெடுநேரமாகும். அக்ரிலிக் தீட்டிய பக்கங்களோ தொடுவதற்குக் காய்ந்ததுபோல் தோன்றினாலும், புத்தகத்தை மூடி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது எழுத்தோடு கிழிந்துவிடக்கூடும். மின்விசிறியின் கீழ் இரவு முழுவதும் திறந்து வைத்து, பிறகு இடையில் வெண்ணெய்த்தாள் செருகுங்கள்.

தமிழ் வேதாகமத்தில் ஓரம் குறுகலாக இருப்பவர்கள் தனித்தாளில் தீட்டி, ஒரு விளிம்பை மட்டும் மெல்லிய ஒட்டுநாடாவால் இணைக்கலாம். குடும்ப வழியாக வந்த பழைய பிரதிகளுக்கு இந்த முறையையே கண்டிப்பாகப் பின்பற்றும்படி அன்புடன் வேண்டுகிறேன்.