கரடு நம் காலத்தில் போக வேண்டாம்: நிதி வேண்டுகோள்

பல்லாவரம் வட்டார மக்களுக்குக் குடியிருப்போர் குழுவின் வணக்கம்.

நம் தெருக்கோடியில் நிற்கும் பாறைக் கரட்டின் மேல் வரிசையாகத் துளைகள் இருக்கும். எந்தக் காலத்திலோ ஜல்லிக்காக வெடி வைக்கத் துளைத்துவிட்டு, ஏனோ அப்படியே விட்டுப் போய்விட்டார்கள். மழை விட்ட மறுநாள் ஒவ்வொரு துளையிலும் தண்ணீர் நிற்கும், சிட்டுகள் அலகை விட்டுக் குடிக்கும். கீழே சுனை. அது நிரம்பி வழிந்தால் ஓடையாகித் தாங்கல் ஏரிக்குப் போகும்.

அங்கேதான் புது மனைப்பிரிவு வருகிறது. வீடுகள் வரட்டும், நாமும் அப்படி வந்தவர்கள்தான். கரட்டை உடைத்து ஓடையில் கொட்டிச் சமமாக்குவதைத்தான் வேண்டாம் என்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மொட்டைமாடியில் நின்றவர்கள் நம் உறவுக்காரர்களிலேயே உண்டு.

நம் கரடு சார்னோக்கைட் பாறை. பரங்கிமலையில் இதே கல் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். கொல்கத்தாவில் இருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை வைத்து வந்த பெயர் அது. இந்தியாவின் பழைய கற்காலக் கருவி முதன்முதலில் அடையாளம் காணப்பட்டதும் நம் பல்லாவரத்தில்தான். 1863இல் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே ஒரு சரளைக் குழியில் அதைக் கண்டெடுத்தார். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பெரிய மனைப்பிரிவு போட்டால் பத்தில் ஒரு பங்கு நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். பெரும்பாலும் அது விலைபோகாத ஏதோ ஒரு மூலையாகிவிடுகிறது. இந்த முறை கரடும் சுனையும் ஓடையுமே அந்தப் பங்காக இருக்கட்டும் என்று கேட்டோம். நில உரிமையாளர் மறுக்கவில்லை. "மேடு பள்ளம், தண்ணீர் போகும் வழி எல்லாம் அளந்து வரைபடமாகக் கொண்டு வாங்க, பேசலாம்" என்றார். சரி, நியாயமான பேச்சு. உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து அளக்க வேண்டும், அதற்குத்தான் இந்த நிதி.

குடும்பத்துக்கு 500 ரூபாய் கேட்கிறோம். முடிந்தவர்கள் கூடுதலாகக் கொடுங்கள். அளவைக்குப் போக மிஞ்சுவதில் ஓடையில் கிடக்கும் கட்டட இடிபாடுகளை ஜேசிபி வைத்து அள்ளுவோம். பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு மாதாமாதம் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். மனைப்பிரிவு வரைபடம் ஒப்புதலுக்குப் போய்விட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம், அதனால் தை பிறப்பதற்குள் பணம் சேர வேண்டும்.

பணம் கொடுக்க முடியாதவர்கள் தயங்க வேண்டாம். ஞாயிறு காலை 7 மணிக்குக் கரட்டடிக்கு வாருங்கள், சுனையைச் சுத்தம் செய்கிறோம். உடைந்த பாட்டில்கள் கிடக்கின்றன, கெட்டியான செருப்போடு வரவும்.