இடையில் இறங்கியே வருகிறோம்

அன்புள்ள மகளுக்கு,

நேர் விமானத்திலேயே வாருங்கள் என்று நீயும் மாப்பிள்ளையும் ஒற்றைக் காலில் நிற்கிறீர்கள். அவர் அனுப்பிய கணக்கையும் பார்த்தேன். சிங்கப்பூர் சாங்கியிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையம் 15,349 கி.மீ.; மணிக்கு 900 வைத்து வகுத்தால் 17 மணி நேரம். வகுத்தல் சரிதான். ஆனால் அட்டவணையில் 18 மணி 40 நிமிடம் என்று போட்டிருக்கிறான்.

அந்த 15,349 எப்படி வருகிறது தெரியுமா? சிங்கப்பூரும் நியூயார்க்கும் உலக உருண்டையில் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கம். அதனால் மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டிப் போகிறது. இங்கே அட்சரேகை 1 டிகிரியும் சொச்சமும், அங்கே 41க்குக் கொஞ்சம் குறைவு; கூட்டினால் 42. அதை 180இல் கழித்து, டிகிரிக்கு 111 கி.மீ. என்று பெருக்கு. ஏறக்குறைய அதே எண் வரும். இதற்கு வெப்சைட் எதற்கு?

விமானி அந்தக் கோட்டிலேயே போவதில்லை. பெரும்பாலும் ஜப்பான் பக்கம் ஏறிப் பசிபிக்கைக் கடப்பார்கள். உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், சுற்றிப் போனாலும் நேரமும் எண்ணெயும் மிச்சம். இந்த எண்ணெய்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. 2004இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், நியூயார்க்கை ஒட்டிய நியூவர்க் விமான நிலையத்துக்கு நேராக விட்ட விமானத்துக்கு நான்கு என்ஜின்; செலவு கட்டாமல் 2013இல் நிறுத்தினார்கள். இரண்டு என்ஜின் ஏ350 ரக விமானம் வந்த பிறகுதான் 2018இல் மறுபடி தொடங்கினார்கள். கென்னடிக்கு 2020இல். எடையைக் குறைக்க அதில் 161 சீட்டுதான். 67 பிசினஸ், மீதி 94 பிரீமியம் எக்கானமி. நம்மைப் போன்றவர்கள் வாங்கும் சாதாரண எக்கானமியே கிடையாது!

காசை விடு. அம்மாவின் கால் வீக்கம் உனக்குத் தெரியும். பதினெட்டரை மணி நேரம் ஒரே குழாய்க்குள் அவளை உட்கார வைக்க எனக்கு மனமில்லை. எழுந்து நட என்றால், பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு என்று அசையவே மாட்டாள்.

ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி ஏறும் விமானம் இருக்கிறதே, அதைப் பார். இங்கிருந்து அங்கே ஏறக்குறைய 10,300 கி.மீ., அங்கிருந்து உன் ஊர் 6,200. மொத்தம் 16,500. நேர்க்கோட்டைவிட ஆயிரத்துச் சொச்சம்தான் கூடுதல். நடுவில் இரண்டு மணி நேரம் கால் நீட்டி நடக்கலாம், ஒரு காபி குடிக்கலாம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ஆகட்டும், எங்களுக்கு என்ன ஆபீஸா இருக்கிறது?

கோடையில் வந்தால் நேர வித்தியாசம் சரியாக 12 மணி. கடிகார முள்ளைக்கூடத் திருப்ப வேண்டாம், தேதியை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். தூக்கம்தான் தலைகீழாகும். அதனால் வந்ததும் ஊர் சுற்றும் திட்டம் எதுவும் போடாதே.

உனக்கு எந்த வாரம் லீவு கிடைக்கும் என்று சொல், டிக்கெட் போடுகிறேன். அம்மாவிடம் போனில் நேர் விமானப் பேச்சை மட்டும் எடுக்காதே. இப்போதுதான் ஒருவழியாகச் சம்மதித்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா