லோகோவை மட்டும் அளக்கிறீர்கள்: சொகுசு கார் நிறுவனங்களின் உரிமப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமப் பிரிவினருக்கு,

வணக்கம். உங்கள் சின்னம் பதித்த கீசெயின், தொப்பி, பர்ஸ், குடை, பேனா, மாடல் கார் போன்றவற்றைத் தயாரிக்கும் இடங்களிலும் சோதிக்கும் ஆய்வகங்களிலும் வேலை செய்பவர்கள் எழுதும் மடல் இது. போலிச் சரக்கைப் பற்றி இங்கே பேச்சில்லை. ஹாலோகிராம் ஒட்டி, உங்கள் ஒப்புதலோடு, உங்கள் ஷோரூம் அலமாரியிலேயே விற்கப்படும் அசல் சரக்கைப் பற்றித்தான் பேச்சு. அந்த ஹாலோகிராம் உறுதி சொல்வது ஒன்றே ஒன்றை: சின்னத்தைப் பயன்படுத்தும் கட்டணமான ராயல்டி கட்டியாயிற்று. பொருள் எத்தனை நாள் உழைக்கும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

உங்கள் ஒப்புதல் தாள்களைப் புரட்டினாலே சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடும். லோகோவைச் சுற்றி எவ்வளவு வெற்றிடம், எந்த நிற எண், கோட்டின் தடிமன் என்ன என்று பக்கம் பக்கமாக இருக்கும். சின்னம் அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனால் சாம்பிள் திரும்பி வந்துவிடும். நல்லது, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தச் சின்னம் உட்கார்ந்திருக்கும் பொருளைப் பற்றி ஒரே வரிதான்: 'உயர்தர உலோகம்', 'பிரீமியம் தோல் தோற்றம்'. இவற்றை எந்த ஆய்வகத்திலும் அளக்க முடியாது. அளக்க முடியாததைத் தொழிற்சாலை மீற முடியாது. ஆகவே எதைச் செய்து கொடுத்தாலும் ஒப்பந்தப்படி சரிதான்.

அதிகம் விற்கும் பொருள் கீசெயின் என்பதால் அதையே பிரித்துப் பார்ப்போம். வார், வார்ப்பு உலோகம், சின்னத்தின் மேல் கண்ணாடிபோல் மின்னும் பிசின் என்று மூன்று பாகம். மூன்றும் மூன்று விதமாகக் கெடும்.

வார் பெரும்பாலும் பாலியூரித்தேன் பூசிய துணி. பேச்சில் ரெக்ஸின் என்போமே, அதன் இன்றைய வடிவம். இதில் பாலியெஸ்டர் அடிப்படையிலான வகை மலிவு. காற்றில் உள்ள ஈரமே அதன் எஸ்டர் பிணைப்புகளை மெல்ல அறுத்துவிடும். வியர்வையும் வெயிலில் நிற்கும் காரின் சூடும் சேர்ந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் பூச்சு செதில் செதிலாக உரியும். வாங்கியவர் பெட்டியைத் திறக்காமல் பத்திரமாக வைத்திருந்தாலும் உரியும். 'நான் தொடவே இல்லையே' என்று அவர் புகார் செய்வது பொய்யில்லை. பாலிகார்பனேட் அடிப்படையிலான வகை பல மடங்கு தாங்கும். இரண்டையும் விரலால் தடவி வேறுபடுத்த முடியாது, படத்தில் பார்த்தால் சுத்தமாகத் தெரியாது. தெரிந்துகொள்ள ஐ.எஸ்.ஓ 1419 சோதனை இருக்கிறது: 70 டிகிரி செல்சியஸ், 95 சதவீத ஈரப்பதம், வாரக்கணக்கில். அந்தப் பெட்டிக்குள் ஒரு வாரம் தாங்கினால் புழக்கத்தில் ஏறக்குறைய ஓர் ஆண்டு என்பது தொழிலில் வழங்கும் தோராயக் கணக்கு. உங்கள் தாளில் 'பத்து வாரம்' என்று இரண்டு சொல் எழுதினால் போதும், மலிவு வகை வாசலிலேயே நின்றுவிடும்.

'அசல் தோல்' என்று அட்டையில் இருந்தாலும் நிம்மதி கொள்ள முடியாது. தோல் வெட்டிய மிச்சத்தை அரைத்து, பசை சேர்த்து, தகடாக உருட்டி, மேலே தோல் வரி அச்சிட்ட சரக்கும் அந்தப் பெயரில் வருகிறது. ஐரோப்பியச் சொல்வரையறை இ.என் 15987 இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. இழைக் கட்டமைப்பு குலையாத தோலுக்கு மட்டுமே 'தோல்' என்ற பெயர், மேற்பூச்சும் 0.15 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அரைத்து ஒட்டியதற்கு வேறு பெயர். வாரின் வெட்டு விளிம்பைக் கவனியுங்கள்: நார் நாராகத் தெரிந்தால் தோல், மாவுபோல் சீராக இருந்தால் அரைத்தது. விளிம்பு முழுக்கத் தடிமனாகச் சாயம் பூசி மறைத்திருந்தால், ஒரு சாம்பிளைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்.

உலோகம் பெரும்பாலும் ஜமாக் 3: துத்தநாகத்தில் சுமார் 4 சதவீதம் அலுமினியம். இந்தக் கலவை மட்டமானதல்ல. நன்றாக வார்த்து நன்றாக முலாம் பூசினால் நெடுநாள் உழைக்கும். முலாமில்தான் கை வைக்கிறார்கள். முறைப்படி முதலில் செம்பு, அதன் மேல் நிக்கல், கடைசியில் குரோம். குரோம் அடுக்கு 0.1 முதல் 0.3 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), நிறமும் கீறல் தாங்கும் கடினமும் அதனால். அரிப்பைத் தடுப்பது அடியிலுள்ள செம்பும் நிக்கலும். அவை 10 மைக்ரானுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மூன்றோடு நிறுத்தினாலும் கண்ணுக்கு ஒரே பளபளப்புதான். பிறகு நுண்துளை வழியாக வியர்வை உப்பு இறங்கும், துத்தநாகம் உள்ளே அரிக்கும், வெள்ளைத் தூளோடு கொப்புளம் கிளம்பும். வார்ப்பிலேயே காற்று சிக்கியிருந்தால் முலாம் நல்லதாக இருந்தும் கொப்புளிக்கும். ஐ.எஸ்.ஓ 9227 உப்புத்தூவல் சோதனை (5 சதவீத உப்புக் கரைசல், 35 டிகிரி) இவற்றைச் சில நாட்களில் காட்டிக்கொடுக்கும். கைக்கடிகாரம், கைச்சங்கிலி போலத் தோலோடு ஒட்டியே இருக்கும் பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் நிக்கல் கசிவு வரம்பும் உண்டு: சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.5 மைக்ரோகிராம்.

சின்னத்தின் மேலுள்ள பிசின் எபாக்ஸி என்றால் புற ஊதாக் கதிரில் மஞ்சளாகும். உங்கள் வெள்ளைப் பின்னணி ஒரே கோடையில் பழுப்பேறுவது இதனால்தான். பாலியூரித்தேன் பிசினில் வெயில் தாங்கும் வகை அவ்வளவு எளிதில் மஞ்சளாகாது, விலை கொஞ்சம் கூடும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இந்தக் கீசெயின் எங்கே தொங்குகிறது? உங்கள் காருக்குள்ளேதான். அங்கே இருக்கும் ஒவ்வொரு துணிக்கும் தோலுக்கும் ஐ.எஸ்.ஓ 105-பி06 போன்ற சோதனை வைக்கிறீர்கள்; உயர் வெப்பத்தில், வெயிலைப்போல் ஒளிரும் செனான் விளக்கின் கீழ் நாள்கணக்கில் காய விடுகிறீர்கள். ஸ்டீயரிங் தோலை அனுப்பும் சப்ளையர் பி.பி.ஏ.பி என்னும் பாக ஒப்புதல் கோப்பில் மூலப்பொருள் சான்று, சோதனை முடிவு, கட்டுப்பாட்டுத் திட்டம் எல்லாம் வைத்தாக வேண்டும். அதே சின்னம், அதே வெயில், அரை மீட்டர் தள்ளி. கீசெயினுக்கு மட்டும் சாம்பிளின் புகைப்படத்தைப் பார்த்தே ஒப்புதல்.

துணி வகையில் நாங்கள் அடிக்கடி காணும் கோளாறு ஒன்று. சிவப்பு பாலியெஸ்டர் தொப்பியிலோ ஜாக்கெட்டிலோ வெள்ளை லோகோவை வெப்ப அழுத்தத்தில் ஒட்டுவார்கள். பாலியெஸ்டருக்குப் போடும் டிஸ்பர்ஸ் சாயம் 150, 160 டிகிரியில் ஆவியாகி அச்சுக்குள் ஏறும். தொழிற்சாலையை விட்டுப் புறப்படும்போது லோகோ பால் வெள்ளை. சூடான கண்டெய்னரில் சில வாரம் கிடந்து கடைக்கு வரும்போது இளஞ்சிவப்பு. பந்தய அணிகளின் சிவப்புச் சரக்கில் இது அடிக்கடி நடக்கிறது. தடுக்க வழி உண்டு: வெள்ளைக்கு அடியில் சாயத்தை மறிக்கும் கரி கலந்த சாம்பல் நிற அடுக்கு ஒன்று, கூடவே 130 டிகிரி அளவில் பதமாகும் மை. ஓர் அடுக்கு கூடினால் அச்சு நேரமும் கூடும், அந்தச் செலவைத்தான் வெட்டுகிறார்கள். பருத்தி டி-சர்ட்டில் கதை தலைகீழ்: சூட்டில் இறுகும் பிளாஸ்டிசால் மை முழு ஆழத்துக்கும் சுமார் 160 டிகிரியைத் தொட வேண்டும், அவசரத்தில் சூட்டு அடுப்பின் கன்வேயரை வேகமாக ஓட்டினால் மேல்தோல் மட்டும் வேகும், சில சலவையிலேயே வெடிக்கும். அச்சிட்ட இடத்தை இழுத்துப் பார்த்தாலே இது தெரியும், கருவிகூட வேண்டாம்.

ரப்பர்போல் மெத்தென்ற பூச்சுப் போட்ட பேனா, பென் டிரைவ் எல்லாம் சில ஆண்டில் பிசுபிசுத்துப்போவதும், வாரில் சொன்னதுபோல் ஈரம் பிணைப்புகளை அறுக்கும் அந்த நீராற்பகுப்பால்தான். அந்தப் பூச்சை முழுவதுமாக நிறுத்திவிடுவதே மேல். 'கார்பன் ஃபைபர்' என்று விற்பதில் பெரும்பகுதி அச்சிட்ட படலம். சாய்த்துப் பார்த்தால் நெசவின் ஒளி மாறுவதில்லை.

மாடல் கார் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்குபவர்கள் அதை இருபது முப்பது ஆண்டு வைத்திருக்க நினைக்கிறார்கள். துத்தநாகக் கலவையில் ஈயம், காட்மியம், தகரம் மிகச் சிறிதளவு மிகுந்தாலும் உலோகம் உள்ளுக்குள் மணிமணியாகப் பிரிந்து, வீங்கி, விரிசல் விடும். கதவு திறக்காது, பெயின்ட் வெடிக்கும், கடைசியில் பாகம் பொடியாகும். 'ஜிங்க் பெஸ்ட்' என்று சேகரிப்பாளர்கள் அலறுவது இதைத்தான். 1929-இல் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் மிகத் தூய துத்தநாகத்தைக் கொண்டு ஜமாக் கலவையை உருவாக்கியபோதே இதற்கு விடை கிடைத்துவிட்டது. ஈயம் 0.005 சதவீதத்துக்குள் இருந்தால் சிக்கல் இல்லை. பழைய வார்ப்புக் கழிவை உருக்கிக் கலக்கும்போதுதான் அது எகிறுகிறது. ஒவ்வொரு உருக்குக்கும், கலவையில் எது எவ்வளவு என்று காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஓர் அளவீடு, சில நிமிட வேலை.

ஏன் இப்படி நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும், இருந்தாலும் கணக்கைப் போட்டுக் காட்டுகிறோம். எடுத்துக்காட்டாக, கடை விலை 100 பங்கு என்றால் மொத்த விலை 50. ராயல்டி 10 சதவீதம் என்று வைத்தால் 5 பங்கு உங்களுக்கு. இடைத்தரகர், பேக்கிங், கப்பல், உரிமதாரரின் (உங்கள் சின்னத்தைப் பயன்படுத்த உரிமம் வாங்கிய நிறுவனத்தின்) லாபம் எல்லாம் போகத் தொழிற்சாலைக்கு 12, 15 பங்கு தேறும். இதன் மேல் ஆண்டுக்கு இவ்வளவு ராயல்டி கட்டாயம் என்ற குறைந்தபட்ச உத்தரவாதம் வேறு. விற்றாலும் விற்காவிட்டாலும் அதைக் கட்டியாக வேண்டிய உரிமதாரர் வெட்டக்கூடிய ஒரே இடம் பொருள்தான். அவரை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. நெருக்குவது நீங்கள் எழுதிய ஒப்பந்தம்.

'நாங்கள் ஆய்வு செய்கிறோமே' என்பீர்கள். ஐ.எஸ்.ஓ 2859-1 அட்டவணைப்படி 3,000 உருப்படி உள்ள ஒரு லாட்டில், அதாவது சரக்குத் தொகுதியில், வழக்கமான ஆய்வு நிலையில் 125 எடுத்துப் பார்ப்பார்கள். ஏ.க்யூ.எல் (ஏற்கத்தக்க குறை அளவு) 2.5 என்றால் அதில் 7 குறையுள்ளவை இருந்தாலும் லாட் தேறிவிடும், எட்டு இருந்தால்தான் லாட் நிராகரிக்கப்படும். முறை தவறல்ல. ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் குறைக்கான வலை. இரண்டாம் ஆண்டில் உரியப்போகும் பூச்சு அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். மேலும் ஒப்புதலுக்கு வரும் சாம்பிள் தனி மேஜையில் கைவேலையாகச் செய்தது. மூன்றாவது ஆர்டருக்குள் முலாம் மெலிந்து, துணி சதுர மீட்டருக்கு 180 கிராமிலிருந்து 150-க்கு இறங்கியிருக்கும்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. அமெரிக்க வணிகக்குறிச் சட்டத்தில், தரத்தைக் கட்டுப்படுத்தாமல் உரிமம் கொடுத்தவர் அந்தக் குறியையே இழக்க நேரலாம். 2002-இல் பார்க்அமெரிக்கா வழக்கில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 'லியோனார்டோ டாவின்சி' என்ற ஒயின் குறிக்கு அப்படித்தான் தீர்ப்பளித்தது. உரிமையாளர் தரப்பு செய்த சோதனை, அவ்வப்போது ஒயினைச் சுவைத்துப் பார்த்தது மட்டும். புகைப்பட ஒப்புதலில் அந்தச் சுவைகூட இல்லை.

உங்களில் சிலர் இதை உணர்ந்திருக்கிறீர்கள். 2019 நவம்பரில் ஃபெராரி தன் உரிம ஒப்பந்தங்களில் ஏறக்குறைய பாதியையும் பொருள் வகைகளில் சுமார் 30 சதவீதத்தையும் குறைப்பதாக அறிவித்தது. ரோல்ஸ்-ராய்ஸ் கதவுக்குள் செருகியிருக்கும் குடை காரின் பாகமாகவே வடிவமைக்கப்பட்டது. நனைந்த குடையின் நீர் வடியக்கூட வழி வைத்திருக்கிறார்கள். ஆக, குடை செய்யத் தெரியாமல் இல்லை.

நாங்கள் கேட்பது இதுதான். ஒப்பந்தத்தின் பொருள் விவரப் பின்னிணைப்பில் உரிச்சொற்களை எடுத்துவிட்டு எண்களைப் போடுங்கள்: பூச்சின் வேதி வகை, முலாமின் மைக்ரான், துணியின் கிராம், சோதனையின் பெயர், எத்தனை மணி நேரம். சோதனை அறிக்கை லாட் எண்ணோடு வரட்டும். பழைய அறிக்கையின் நகல் ஏற்கப்படாது என்று எழுதுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை உரிமதாரரிடம் கேட்காமல், கடையிலிருந்து நீங்களே காசு கொடுத்து வாங்கி, ஒப்புதல் சாம்பிளோடு சேர்த்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் இரண்டு உருப்படியை முத்திரையிட்டு மூன்றாண்டு வைத்திருங்கள். துணை ஒப்பந்தத்துக்குப் போகும் தொழிற்சாலையின் பெயர் உங்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். குறைந்தபட்ச உத்தரவாதத்தைக் கொஞ்சம் தளர்த்தி, அந்தத் தொகையைச் சோதனைக்குத் திருப்பலாம். ஒப்பந்தம் முடிந்தபின் மிச்சச் சரக்கை விற்க விடும் மாதங்களில் புது உற்பத்தி கூடாது என்ற வரியும் வேண்டும். அந்தக் காலத்தில்தான் கையிருப்பிலுள்ள மட்டமான மூலப்பொருள் எல்லாம் உங்கள் சின்னத்தோடு வெளியேறுகிறது.

எல்லா வகையிலும் ஒரே நாளில் செய்ய முடியாது என்றால், வாரும் முலாமும் உள்ள பொருள்களில் தொடங்குங்கள். சோதனை வரம்புகளை எழுதித் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
முலாம், வார்ப்பு, தோல், துணி அச்சு, தரச் சோதனைப் பிரிவுகளில் பணிபுரிவோர்