பழைய இதழ்கள்ல இன்னிக்கு தேட முடியுதுன்னா அதுக்குக் காரணமானவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். பழைய தமிழ் இதழ்களை ஸ்கேன் பண்ணி, எழுத்தா மாத்தி, ஒரு சொல்லைத் தட்டினா எந்த இதழ் எந்தப் பக்கம்னு காட்டுற அளவுக்குக் கொண்டு வந்தாச்சு, இனிமே யார் வேணும்னாலும் தேடலாம். வெளிய பாக்குறவங்களுக்கு இது ஏதோ நாலஞ்சு பேர் சேர்ந்து செஞ்ச வேலை மாதிரி தெரியுது, அப்படி இல்லவே இல்ல, அதனாலதான் இந்த மடல். உதவினவங்கள்ல பல பேர் பேரைப் போடாதீங்கன்னு சொல்லிட்டீங்க, அதனால பேர் இல்லாமலே சொல்றேன், படிக்கும்போது அவங்கவங்களுக்குத் தெரிஞ்சிடும்.

மொதல்ல இதழ்களைப் பத்திரமா வச்சிருந்தவங்களுக்கு. புத்தகம்னா அலமாரில நிக்கும், வார இதழ் அப்படி இல்ல, அடுத்த வாரம் வந்ததுமே போனது குப்பைதான். பைண்டு பண்ணி வச்ச தொகுதிகள்ல கூட பல நேரம் அட்டையையும் விளம்பரத்தையும் கழட்டிட்டுத்தான் பைண்டு பண்ணியிருப்பாங்க, நடுவுல ரெண்டு மூணு இதழ் காணாமலும் இருக்கும். நீங்க அட்டையோட, விளம்பரத்தோட, வாசகர் கடிதத்தோட முழுசா வச்சிருந்தீங்க. அப்பா சேர்த்து வச்சதுன்னு ஒரு அம்மா குடுத்த கட்டுகளோட கூடவே ஒரு நோட்டும் வந்துச்சு, எந்தத் தொடர்கதை எந்த இதழ்ல ஆரம்பிச்சு எதுல முடியுது, நடுவுல எந்த வாரம் வரலைன்னு பென்சில்ல வரிசையா எழுதி வச்சிருந்தார். எங்களோட முதல் அட்டவணை அந்த நோட்டுதாங்க. அந்த மனுஷருக்கு நேர்ல நன்றி சொல்ல முடியாம போச்சு, அம்மா, உங்களுக்கு சொல்லிக்கிறேன்.

ஸ்கேன் பண்ணினவங்களுக்கு அடுத்து. மரக்கூழ் காகிதத்துல அமிலம் இருக்கு, வருஷம் ஆக ஆக பழுப்பாகி மடிப்புல தானா ஒடியும், ஸ்டேப்பிள் பின் துருப்பிடிச்சு சுத்தியும் காகிதத்தை அரிச்சிருக்கும். அதையெல்லாம் தட்டையான ஸ்கேனர்ல கவுத்து அமுக்கினா முதுகு போயிடும், அதனால பாதி விரிச்சபடி வி வடிவத் தொட்டில்ல வச்சு மேலருந்து கேமராவுல எடுத்தாங்க. மெலிசான தாள்ல பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரியும், ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால ஒரு கறுப்புத் தாளை சொருகி எடுத்தா அது நல்லாவே அடங்கும். கேக்க சின்ன விஷயம்தான், ஆனா ஆயிரக்கணக்கான பக்கத்துக்கும் சலிக்காம அந்தத் தாளை மாத்தி மாத்தி வச்சிருக்கீங்க பாருங்க, அந்தப் பொறுமைக்கு நான் என்ன சொல்ல.

இனி ஓசிஆர், அதாவது படத்துல இருக்குற எழுத்தைப் படிச்சு தேடக்கூடிய எழுத்தா மாத்துற மென்பொருள். அதுல டெஸராக்ட்ங்கிறது 2005ல ஓப்பன் சோர்ஸ், அதாவது யாரும் இலவசமா எடுத்து மாத்திக்கலாம்னு ஆனதால தான் காசு இல்லாத எங்களை மாதிரி ஆட்களுக்கு இது கைக்கு வந்துச்சு, தமிழும் படிக்கும், ஆனா இன்னிக்கு இருக்குற எழுத்தைத்தான் நல்லா படிக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முன்னாடி வந்த பெரும்பாலான இதழ்கள்ல அந்தப் பழைய னை-யும் லை-யும் மேல வளைஞ்ச கொம்போட இருக்கும், ணா றா னா எல்லாம் கால் தனியா இல்லாம எழுத்தோடயே சுழிச்சிருக்கும். மெஷின் அதைப் பாத்து கண்டபடி எதையாவது எழுதிடும். நம்ம தம்பி ஒருத்தர் ஒவ்வொரு வரியையும் படமா வெட்டி, பக்கத்துலயே சரியான எழுத்தை டைப் பண்ணி, அப்படியே அடுக்கடுக்கா சேர்த்து மெஷினுக்குத் திரும்பப் பயிற்சி குடுத்தார். வேலைக்குப் போயிட்டு வந்து ராத்திரில உக்காந்து செஞ்சது. அதுக்கப்புறம்தான் பக்கங்கள் படிக்குற மாதிரி வர ஆரம்பிச்சுது.

ஆனாலும் மெஷின் குடுத்ததை அப்படியே போட்டிருந்தா இது தேடுற தொகுப்பா இருந்திருக்காது, வெறும் படத் தொகுப்புதான். இங்கதான் மெய்ப்புப் பாத்தவங்க வர்றீங்க, எனக்கு மனசுல அதிகமா நிக்கிறது நீங்கதான். மங்கின அச்சுல காலும் ர-வும் ஒண்ணு மாதிரி தெரியும், பாரதின்னு இருக்குறது பரரதின்னு வரும், பாரதின்னு தேடுறவருக்கு அந்தக் கட்டுரை இருக்குறதே தெரியாது. இதையாவது சொல் திருத்தி பிடிச்சிடும். புள்ளி போச்சுன்னா என்ன பண்றது? பல்-லுக்கு மேல இருக்குற புள்ளி அச்சுல விழலைன்னா அது பல ஆகிடும், ரெண்டுமே நல்ல தமிழ்ச் சொல், எந்தத் திருத்தியும் சத்தம் போடாது, வரியைப் படிச்சு அர்த்தம் புரிஞ்சவங்களால மட்டும்தான் முடியும். தமிழ் எண்கள் வேற, ௧-வை க-ன்னும் ௭-ஐ எ-ன்னும் படிச்சு வைக்கும், பக்க எண் எல்லாம் கெட்டுப் போகும். ரிட்டையர் ஆன ஒரு டீச்சர் அம்மா இருக்காங்க, கண் ஆபரேஷன் ஆகி டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்ன நாட்கள் தவிர மத்த நாளெல்லாம் பக்கம் அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. பழைய எழுத்துநடையை இந்தக் காலத்துக்கு மாத்திடாதீங்க, அவங்க எழுதினது எழுதினபடியே இருக்கட்டும்னு ஆரம்பத்துலயே கறாரா சொன்னதும் அவங்கதான், அந்த விதியைத்தான் இன்னிக்கு வரைக்கும் எல்லாரும் பிடிச்சுக்கிட்டு இருக்கோம்.

நிரல் எழுதின தங்கச்சிக்கு தனியா ஒரு பெரிய நன்றி. நம்ம இதழ்கள்ல வரி முடியுற எடத்துல சொல்லை வெட்டுவாங்க, பல நேரம் சின்னக் கோடு கூட போட மாட்டாங்க, எழுத்தா-ன்னு ஒரு வரி முடியும் ளர்-னு அடுத்த வரி ஆரம்பிக்கும், எழுத்தாளர்னு தேடினா கிடைக்காது. ரெண்டு துண்டையும் ஒட்டிப் பாத்து, ஒட்டின சொல் தொகுப்புல வேற எங்கயாவது முழுசா இருந்தா சேர்த்துடு, சந்தேகமா இருந்தா மெய்ப்புக்காரர்கிட்ட அனுப்புன்னு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. கொ-ங்கிற எழுத்தை ஒற்றைக் குறியா அடிச்சாலும் கொம்பும் காலும் தனித்தனியா அடிச்சாலும் திரைல ஒரே மாதிரிதான் இருக்கும், கணினிக்கு வேற வேற. அதையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்தது அவங்கதான். பிந்தைய வருஷத்து இதழ்களுக்கு அச்சுக்குப் போன கோப்பே கிடைச்சுது, ஆனா பாமினி, டாப், திஸ்கின்னு ஆளுக்கொரு பழைய எழுத்துக் குறியீட்டு முறை, அதையெல்லாம் இன்னிக்குப் பொதுவா இருக்குற யூனிகோடு முறைக்கு மாத்தினதும் அவங்க வேலைதான்.

தேதி பாத்துக் குடுத்த ஐயாவை விட்டா தப்பு. ஸ்ரீமுக வருஷம் மார்கழின்னு மட்டும் போட்டிருக்கும், அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அதே பேர் திரும்ப வரும், உள்ள இருக்குற செய்தியையும் விளம்பரத்தையும் வச்சு இது 1933 டிசம்பர்ல பொறந்த மார்கழின்னு உறுதி பண்ணிக் குடுப்பார். புனைபெயர் பட்டியலும் அவரோடதுதான். கல்கி, கர்நாடகம், ரா. கி. மூணும் ஒரே ஆள்னு தொகுப்புக்குத் தெரிஞ்சாத்தானே ஒரு பேரைத் தட்டினா மத்ததும் வரும்.

எழுத்தாளர் குடும்பங்களுக்கும் கடமைப்பட்டிருக்கோம். இந்தியச் சட்டப்படி எழுதினவர் இறந்து 60 வருஷம் வரை உரிமை இருக்கு, ஒரு இதழ்ல இருபது பேர் எழுதியிருந்தா இருபது பேருக்கும் பாக்கணும். தேடிப் பிடிச்சுக் கேட்டப்போ தாராளமா போடுங்கன்னு சொன்னதோட வீட்ல இருந்த நறுக்குகளையும் எடுத்துக் குடுத்தீங்க. வேண்டாம்னு சொன்ன சிலரையும் மதிக்கிறோம், அந்தப் பக்கங்கள் தேடல்ல தலைப்பா மட்டும் தெரியும்.

தமிழ் நூல்களை இணையத்துல இலவசமா போடுற, 1998ல ஆரம்பிச்ச மதுரைத் திட்டமும், 2005ல ஆரம்பிச்ச 'நூலகம்'ங்கிற இலங்கைத் தமிழ் மின்னூலகமும் இல்லைன்னா இதெல்லாம் நடக்குற காரியம்னு எங்களுக்கே நம்பிக்கை வந்திருக்காது, சம்பளம் வாங்காம தன்னார்வலர்கள் எழுத்தெழுத்தா சேர்த்ததைப் பாத்துத்தான் நாங்க இறங்கினோம். சென்னைல இருக்குற ரோஜா முத்தையா நூலகம் மாதிரி இடங்கள் தாளைத் தாளா காப்பாத்தி வச்சிருக்குறதும் இதுக்கெல்லாம் அடிப்படை.

இன்னும் பாதி இதழ்களுக்கு மெய்ப்பு முடியல. அந்தப் பக்கங்கள்ல மேல மஞ்சள் குறி இருக்கும், தேடல்ல வரலைன்னா இல்லைன்னு நினைச்சுடாதீங்க, படத்தைத் திறந்து ஒரு தடவை கண்ணால பாருங்க, தப்பு தெரிஞ்சா பக்கத்துலயே திருத்துற வசதி இருக்கு. போன மாசம் மட்டும் முகம் தெரியாத எத்தனையோ பேர் அப்படித் திருத்தியிருக்கீங்க, உங்களுக்கும் நன்றி. அடுத்து சிறுவர் இதழ்கள், ஸ்கேன் முடிஞ்சு காத்துக்கிட்டு இருக்கு.

அன்போட,
தொகுப்புக் குழு சார்பா